டம்மியில் வருகிறது, வார்டில் கை நடுங்குகிறது: நர்சிங் மாணவர்கள் கேள்வி பதில்

கேள்வி (முதலாம் ஆண்டு மாணவி): அக்கா, ஸ்கில் லேபில் டம்மி பொம்மைக்கு ஐ.எம். ஊசி (தசையில் போடும் ஊசி) சரியாகப் போடுகிறேன். வார்டில் பேஷண்ட் முகத்தைப் பார்த்ததும் கை நடுங்குகிறது. எனக்கு இந்தப் படிப்பு ஒத்துவராதோ?

பதில்: அப்படியெல்லாம் முடிவு கட்டாதேம்மா. டம்மி முகம் சுளிக்காது, "புதுப் பிள்ளையா?" என்று கேட்கிற சொந்தக்காரர்களும் அதற்குக் கிடையாது. நீ ஊசியைப் பழகிவிட்டாய், கூடவே வருகிற பேச்சைப் பழகவில்லை. தோழி ஒருத்தியை லேப் கட்டிலில் படுக்கவைத்து, ஊசி மாட்டாத வெறும் சிரிஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு, பெயர் கேட்பது, கேஸ் ஷீட்டோடு சரிபார்ப்பது, "அம்மா, கையைத் தளர்த்தி வைங்க" என்பது, கடைசியில் சிரிஞ்சை எதில் போடுவது என்பது வரை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய். அவள் நடுவில் "வேண்டாம், பயமா இருக்கு" என்று கையை இழுக்கட்டும். அங்கே உனக்கு வார்த்தை வராமல் நின்றால், வார்டில் நடுங்குவதும் அதே இடத்தில்தான்.

கேள்வி: பொம்மையை வைத்து என்ன கற்க முடியும், வார்டில் நின்றால்தான் வரும் என்கிறார் எங்கள் சீனியர்.

பதில்: வார்டு கட்டாயம் வேண்டும். ஆனால் அமெரிக்க நர்சிங் வாரியங்களின் தேசியக் கவுன்சில் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், 10 கல்லூரிகளில் கிளினிக்கல் நேரத்தில், அதாவது வார்டுப் பயிற்சியில், பாதி வரை சிமுலேஷனாக (நிஜ நோயாளி இல்லாத மாதிரிப் பயிற்சியாக) மாற்றிப் பார்த்தார்கள். அறிவிலும் திறமையிலும் உரிமத் தேர்வு முடிவிலும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் இருந்தார்கள், ஒவ்வொரு முறையும் முடிந்தபின் உட்கார்ந்து பேசினார்கள். ஒரு டம்மியைச் சுற்றி வகுப்பே நிற்க, ஒருத்தி செய்ய மற்றவர்கள் ரெக்கார்டு எழுதுவதை நான் சிமுலேஷன் என்று ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கேள்வி (மூன்றாம் ஆண்டு மாணவர்): எனக்கு சிமுலேஷனே பயம் மேடம். எல்லோரும் பார்க்கிறார்கள்.

பதில்: பலருக்கும் அப்படித்தான் தம்பி. தொடங்கும் முன்பே கேட்டுவிடு: இதற்கு மார்க் உண்டா, டம்மியைத் தொட்டால் நாடித்துடிப்பு தெரியுமா, வீடியோ எடுத்தால் யார் பார்ப்பார்கள்? மார்க் போட்டால் அது பரீட்சை, பயம் வரத்தான் செய்யும். முடிந்தபின் "ஏன் தப்பு செய்தாய்" என்பதைவிட "அந்த நேரத்தில் என்ன நினைத்தாய்" என்று ஆசிரியர் கேட்டால்தான் அடுத்த முறை பயம் குறையும். ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து அந்தப் பேச்சுக்கு நேரம் ஒதுக்குங்கள்.

கேள்வி: சி.பி.ஆர். (இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தி மூச்சு கொடுப்பது) எண்ணிக்கை பதற்றத்தில் மறந்துபோகிறது.

பதில்: முதலில் ஆள் கூப்பிடு. பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், ஆழம் 5 முதல் 6 செ.மீ., 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. டம்மியில் சத்தமாக எண்ணிப் பழகு.

கேள்வி: வார்டு சிஸ்டர் நோயாளி எதிரிலேயே திட்டுகிறார். வார்டு போஸ்டிங் என்றாலே காலையில் வாந்தி, தூக்கமும் இல்லை.

பதில்: இதற்கு எந்த டம்மியும் உதவாதும்மா, தனியாகத் தாங்கிக்கொண்டும் இருக்காதே. எந்த நாள், என்ன வேலை, என்ன சொன்னார் என்று எழுதி கிளினிக்கல் இன்சார்ஜிடம் கொடு, ஒரு தோழியையும் அழைத்துப் போ. தூக்கமும் சாப்பாடும் இப்படியே கெட்டால் மனநல ஓ.பி.யில் காட்டிவிடு. அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ் 14416 இலவசம், இரவிலும் தமிழில் பேசலாம்.