பழைய கார் மேடு ஏறும்போது மட்டும் இன்ஜின்ல கிணிகிணின்னு சத்தம் வருது, இறக்கத்துல அந்த சத்தம் நின்னுடுது, ஏன்?

பெரும்பாலும் இது நாக்கிங். சிலிண்டருக்குள்ள பெட்ரோல் சீரா எரிஞ்சு பரவாம, மிச்சமிருக்கிறது சூட்டுலயும் அழுத்தத்துலயும் தானா வெடிக்கிறது. கோவில் தேர் இழுக்கும்போது எல்லாரும் சேர்ந்து இழுத்தா தேர் நகரும், ஒருத்தர் நேரம் தெரியாம வெடுக்குன்னு இழுத்தா குலுங்கும்ல, அதே மாதிரிதான்.

தென்னாப்பிரிக்காவுல இங்க கடற்கரை டர்பன்ல இருந்து ஃபீல்ட்ஸ் ஹில்ங்கிற மேடு ஏறுறப்ப இன்ஜினுக்கு பாரம் கூடும், அப்ப உள்ள அழுத்தமும் கூடும். ஜோபர்க் (ஜோஹன்னஸ்பர்க்) சுமார் 1,750 மீட்டர் உயரம், காத்து லேசு, இன்ஜினுக்குள்ள அழுத்தமும் குறைவு, அதனால அங்க 93 ஆக்டேன் நம்பர் பெட்ரோல் போதும், ஆனா அதே டேங்கோட கடற்கரைக்கு இறங்கி வந்துட்டா இங்க அது தாங்காது, புது வண்டின்னா சென்சார் கண்டுபிடிச்சு டைமிங்கை, அதாவது ஸ்பார்க் அடிக்கிற நேரத்தை மாத்திக்கும், பழைய வண்டியில அது இருக்காது.

சத்தம் வந்ததும் ஒரு கியர் குறைச்சு, ஆக்சிலரேட்டரை கொஞ்சம் விடுங்க. சத்தம் நின்னா பெரும்பாலும் நாக்கிங்தான், அடுத்த தடவை 95 பெட்ரோல் போடுங்க, அப்பவும் வந்தா டைமிங், உள்ள படிஞ்ச கார்பன், கூலன்ட் எல்லாம் மெக்கானிக்கை பாக்கச் சொல்லுங்க. நின்ன இடத்துல ரேஸ் பண்ணினாலும் டொக் டொக்னு கனமா வந்தா இன்ஜின் பேரிங் தேஞ்சிருக்கலாம், தயவுசெஞ்சு ஓட்டாதீங்க, முதல்ல ஆயில் பாருங்க.

95 போட்டா பவர் கூடும்னு நெனைக்கிறாங்க, அப்படி இல்ல, அந்த நம்பர் தானா வெடிக்காம எவ்வளவு தாங்கும்ங்கிறதுதான்.