விழிப்புக் குழுவில் சேரக் காசு கட்ட வேண்டுமா?

கேள்வி: திருகோணமலை பாலையூற்றில் இருக்கிறோம். எங்கள் ஒழுங்கையில் தண்ணீர் மோட்டரும் சைக்கிளும் அடிக்கடி களவு போகின்றன. விழிப்புக் குழுவில் சேர்த்து பொலிஸ் அட்டையும் எடுத்துத் தருவதாக ஒருவர் 2,500 ரூபாவும் அடையாள அட்டைக் கொப்பியும் கேட்கிறார். கொடுக்கலாமா? இரவுக் காவலில் கள்ளனைப் பிடிக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். நீங்கள் விழிப்புக் குழு என்று சொல்லும் சமுதாயப் பொலிஸ் குழுவில் சேரக் கட்டணமும் இல்லை, சேர்ந்தால் சம்பளமும் இல்லை. “பெரியவரைத் தெரியும்” என்று நடுவில் நிற்பவருக்குக் காசைவிட உங்கள் கொப்பிதான் பெறுமதி. அது எந்தக் கடன் படிவத்தோடு போய்ச் சேரும் என்று உங்களுக்குத் தெரியப்போவதில்லை. யாருக்குக் கொப்பி கொடுத்தாலும் படத்தின் மேலாகக் குறுக்கே “சமுதாயப் பொலிஸ் குழுவுக்கு மட்டும்” என்று எழுதி, திகதி போட்டுக் கையொப்பம் வையுங்கள். ஓரத்தில் எழுதினால், அதை மறைத்து இன்னொரு கொப்பி அடித்துவிடுவார்கள்.

முதலில் ஜீ.எஸ்.ஸிடம் (கிராம சேவகரிடம்) போய், உங்கள் பிரிவு எந்தப் பொலிஸ் எல்லைக்குள் வருகிறது, குழு இப்போது கூடுகிறதா என்று கேளுங்கள். உப்புவெளிப் பொலிஸ் எல்லையில் இருப்பவர் பட்டணத்துத் தலைமையக நிலையத்தில் போய் நின்றால் அரை நாள் வீண். பிறகு பொறுப்பதிகாரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்து, பிரதியில் திகதியும் கையொப்பமும் வாங்குங்கள். அதிகாரி மாற்றலாகிப் போனால் பெயர்ப் பட்டியலும் கூடவே தொலைந்துவிடும். புதியவர் முதலிலிருந்து கேட்பார். தமிழிலேயே எழுதுங்கள். வடக்கு கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி என்பது அரசியலமைப்பில் இருக்கிறது. சில மேசைகளுக்கு மட்டும் அது இன்னும் வந்து சேரவில்லை. வாசிக்கத் தெரியாத படிவத்தில் கையொப்பம் வைக்காதீர்கள்.

குழுவில் இருப்பதால் உங்களுக்குக் கூடுதலாக ஓர் அதிகாரமும் வராது. வழியில் போகிறவரை மறித்து அடையாள அட்டை கேட்கவோ, பையைச் சோதிக்கவோ முடியாது. ஒரே ஒரு விலக்கு, அதுவும் எல்லாப் பொதுமக்களுக்கும் உள்ளது: 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, 35 ஆம் பிரிவு. களவு போல, பிடியாணை இல்லாமல் பொலிஸார் கைதுசெய்யக்கூடிய குற்றம் உங்கள் கண்முன்னே நடந்தால் பிடிக்கலாம். மோட்டரைக் கழற்றுவதைக் கண்டால் சரி. மறுநாள் சந்தியில் “இவன்தான்” என்று யாரோ காட்டினால் அது கண்முன்னே நடந்ததாகாது. அப்படிக் குற்றம் செய்தவர் என்று நியாயமாகச் சந்தேகிக்கும் ஆள் தப்பி ஓடினாலும் பிடிக்கலாம். ஓடினார் என்பது மட்டும் போதாது. இருட்டில் நாலு பேர் பொல்லோடு நின்றால் யார்தான் ஓடமாட்டார்? பிடித்தவரைத் தாமதிக்காமல் பொலிஸில் ஒப்படையுங்கள். விடியும்வரை கட்டி வைத்தால், அடித்தால், வழக்கு உங்கள்மேல்தான் வரும். அட்டை எடுத்துத் தந்தவர் அன்றைக்குப் போனை எடுக்கமாட்டார்.

காவலுக்கு இருவராகப் போங்கள். டோர்ச்சும் விசிலும் போதும், பொல்லு வேண்டாம். சந்தேகமாக நிற்கும் வாகனத்தின் இலக்கத்தை எழுதிக்கொண்டு 119 க்கு அழையுங்கள். களவு போனால், முறைப்பாடு எந்தப் புத்தகத்தில், எந்தப் பக்கத்தில், எந்தப் பந்தியில் பதியப்பட்டது என்று கேட்டுக் குறித்துக்கொண்டே வெளியே வாருங்கள். மோட்டரின் தகட்டில் உள்ள தொடர் இலக்கத்தை இன்றைக்கே படம் எடுத்து வையுங்கள். பிடிபட்ட மோட்டர்கள் நிலையத்தில் குவிந்து கிடக்கும்போது எல்லாமே ஒரே நிறமாகத்தான் இருக்கும்.