நண்பரின் படத்தில் குறை சொல்வது எப்படி?

கேள்வி: செங்கல்பட்டில் நாங்கள் ஒன்பது பேர் வார இறுதிகளில் கேமராவோடு வேடந்தாங்கல், கரிக்கிலி பக்கம் போகிறோம். எடுத்த படங்களை வாட்ஸ்அப் குழுவில் பகிர்கிறோம். எதைப் போட்டாலும் ‘அருமை’, ‘சூப்பர்’ என்றுதான் பதில் வரும். சென்ற மாதம் ஒரு நண்பரின் கொக்குப் படத்துக்கு, ‘வெள்ளை வெளுத்துப் போயிருக்கிறது, ஷார்ப்பாகவும் இல்லை’ என்று எழுதினேன். அதன்பின் அவர் படமே போடுவதில்லை. மனம் நோகாமல் கருத்துச் சொல்ல வழி இருக்கிறதா?

பதில்: முதலில் அவரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசுங்கள். குழுவிலேயே விளக்கம் எழுத வேண்டாம். நீங்கள் சொன்ன குறையைவிட, மற்றவர்கள் முன்னிலையில் சொன்னதுதான் அவரை உறுத்தியிருக்கும். அந்தப் படத்தை எங்கே நின்று எடுத்தார், எவ்வளவு நேரம் காத்திருந்தார், எதைக் காட்ட நினைத்தார் என்று கேளுங்கள். இதை உபசாரத்துக்காகச் சொல்லவில்லை. அவர் காட்ட விரும்பியது இனப்பெருக்கக் காலத்தில் முதுகில் முளைக்கும் மெல்லிய இறகுகளையா, கொக்கு மீனைக் கவ்விய நொடியையா என்பது தெரியாமல் அந்தப் படம் தோற்றதா வென்றதா என்று யாராலும் சொல்ல முடியாது. மீன்தான் முக்கியம் என்றால் முதுகில் கொஞ்சம் வெளுத்திருப்பது சிறிய குறை. இறகுகள்தான் முக்கியம் என்றால் அதுவே பெரிய இழப்பு.

இனி உங்கள் கருத்துக்கு வருவோம். ‘ஷார்ப்பாக இல்லை’ என்பதைக் கைப்பேசித் திரையில் பார்த்துச் சொல்லியிருந்தால் அந்தத் தீர்ப்பு நிற்காது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருக்கப்பட்டுத்தான் போய்ச் சேரும். இறகின் நுண்ணிய இழைகள்தான் முதலில் கரையும். நீங்கள் கண்ட குறை கேமராவுடையதா, அனுப்பிய வழியுடையதா என்பதே தெரியாது. படத்தை ‘டாகுமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். கோப்பு மாறாமல் வரும். எடுத்தபின் அழிக்காத வரையில் ஷட்டர் வேகம் (ஒளி உள்ளே வரும் நேரம்), ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு), லென்ஸ் விவரங்களும் அதிலேயே இருக்கும். பறக்கும் கொக்கு 1/250 நொடியில் எடுக்கப்பட்டு, சிறகு மட்டும் கலங்கியிருந்தால் காரணம் அந்த வேகம்தான். 1/1600 நொடியோ அதைவிட வேகமாகவோ வைக்கச் சொல்லலாம். 1/2000 இருந்தும் பறவை மங்கலாக, பின்னாலுள்ள கிளை தெளிவாக இருந்தால் ஃபோகஸ் தவறியிருக்கிறது. இரண்டுக்கும் தீர்வு வேறு. ‘ஷார்ப்பாக இல்லை’ என்ற சொல் எதையும் காட்டிக்கொடுக்காது. ஒரு எச்சரிக்கை: கைப்பேசியில் எடுத்த படத்தை இப்படி அனுப்பினால் எடுத்த இடத்தின் விவரமும் கூடவே போகலாம். வீட்டுப் படங்களை அனுப்பும்போது அதை நீக்கிவிடுங்கள்.

‘வெளுத்துப் போயிருக்கிறது’ என்பது கவனித்துச் சொன்ன கருத்து. ஆனால் பாதியில் நின்றுவிட்டது. கேமராவின் ஒளியளவி, தான் காணும் காட்சியை நடுத்தரச் சாம்பல் வெளிச்சத்துக்குக் கொண்டுவரவே முயலும். கரும்பச்சை மரங்களுக்கு முன்னால் சிறிதாக ஒரு வெள்ளைக் கொக்கு நின்றால், இருட்டு அதிகம் என்று கணக்கிட்டுக் கேமரா வெளிச்சத்தைக் கூட்டிவிடும். மரங்கள் நன்றாக வரும். கொக்கு வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். அங்கே எக்ஸ்போஷர் ஈட்டை, அதாவது கேமரா கணக்கிட்ட வெளிச்சத்தை நாம் கூட்டிக் குறைக்கும் அமைப்பை, −0.7 அல்லது −1 வைக்க வேண்டும். அதே கொக்கு வெளிறிய வானத்துக்கு முன் பறந்தால் நிலைமை தலைகீழ். அப்போது +1 வரை கூட்ட வேண்டியிருக்கும். முற்றிலும் வெளுத்த இடத்தில் விவரமே பதிவாகியிருக்காது என்பதால், பிறகு கணினியில் எவ்வளவு குறைத்தாலும் சாம்பல் திட்டுதான் மிஞ்சும். ஆகவே அடுத்த முறை இப்படி எழுதிப் பாருங்கள்: ‘கழுத்தின் வளைவு கண்ணை இழுக்கிறது. முதுகில் இறகு வரிகள் தெரியவில்லை. பின்னணி இருட்டாக இருப்பதால் கேமரா ஏமாந்திருக்கும் என்று நினைக்கிறேன். −1 வைத்து ஒரு படம் எடுத்துப் பார்க்கலாமா?’ இதிலும் குறை சொல்லியிருக்கிறீர்கள். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் செய்து பார்க்க ஒரு வேலையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறீர்கள். செய்து பார்க்க ஏதுமில்லாத குறையை நான் கருத்தாகவே எண்ணுவதில்லை.

எழுதும் முன், குறை எந்த வகை என்று பிரித்துக்கொள்வதும் உதவும். சாய்ந்த நீர்மட்டம், ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கிளை, மஞ்சள் சாயல் போன்றவை வீட்டில் சரிசெய்யக்கூடியவை. ஒரு வரி போதும். நிறத்தைச் சொல்லும்முன் உங்கள் கைப்பேசியில் கண்பாதுகாப்பு முறை இயங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், அதுவும் மஞ்சளாக்கும். வெளிச்சத்தின் திசை, நின்ற இடம், நொடி ஆகியவற்றைக் களத்தில்தான் மாற்ற முடியும். அதிகம் பேச வேண்டியது இவற்றைத்தான். மூன்றாவது, வெறும் ரசனை. ‘எனக்குக் கறுப்பு வெள்ளையில் பிடித்திருக்கும்’ என்பதை ‘எனக்கு’ என்ற சொல்லோடுதான் சொல்ல வேண்டும்.

‘இன்னும் கிராப் செய்யுங்கள்’ என்ற அறிவுரையில் கொஞ்சம் நிதானம் தேவை. 24 மெகாபிக்சல் படத்தின் நீளத்தையும் அகலத்தையும் பாதியாக வெட்டினால் மிஞ்சுவது 6 மெகாபிக்சல். கைப்பேசிக்குப் போதும்; பெரிதாக அச்சிட்டு மாட்ட நினைப்பவருக்குப் போதாது. தவிர, ஏரியும் மரமும் கூட்டமும் தெரியும் அகலமான படத்தில்தான் பறவை எங்கே வாழ்கிறது என்பது புரிகிறது. பறவையை மட்டும் வெட்டியெடுத்து நிறுத்தும் வழக்கம் நம் குழுக்களில் அளவுக்கு மீறிப் பரவியிருக்கிறது என்பது என் எண்ணம்.

குழுவின் நடைமுறையையும் மாற்றுங்கள். ஒருவர் ஒரே நாளில் முப்பது படங்களைக் கொட்டினால் எட்டுப் பேரும் கட்டைவிரலைத்தான் காட்டுவார்கள். வாரத்துக்கு ஒருவர் ஒரு படம் என்று வையுங்கள். படத்தோடு ஒரு கேள்வியும் வர வேண்டும்: ‘பின்னணி கவனத்தைக் கலைக்கிறதா?’ என்பதுபோல. ‘பாராட்டு மட்டும் போதும்’ என்று ஒருவர் சொன்னால் அதையும் மதியுங்கள்; பேரப்பிள்ளையின் முதல் பிறந்தநாள் படத்துக்கு யாரும் ஒளியளவு பார்க்க வேண்டியதில்லை. பிரிட்டனில் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அஞ்சல்வழிப் புகைப்படக் குழுக்கள் இருந்தன. அச்சிட்ட படங்கள் உறுப்பினரிடமிருந்து உறுப்பினருக்கு அஞ்சலில் சுற்றிவரும். ஒவ்வொருவரும் கருத்தை எழுதி அடுத்தவருக்கு அனுப்புவார். அந்த நிதானத்தில் கொஞ்சத்தை நீங்களும் எடுத்துக்கொள்ளலாம். படம் வந்த அன்று யாரும் எழுதாமல், மறுநாள் மாலை எழுதுங்கள்.

பாராட்டையும் இடம் சுட்டிச் சொல்லுங்கள். ‘அலகு நுனியில் நிற்கும் நீர்த்துளியைக் காத்திருந்து பிடித்திருக்கிறீர்கள்’ என்றால், எது பலித்தது என்று அவருக்குத் தெரியும், திரும்பவும் முயல்வார். கருத்தைப் பெறுபவருக்கு நான் சொல்வது ஒன்றுதான்: எல்லோரும் பேசி முடிக்கும்வரை விளக்கம் தராதீர்கள். நீங்கள் சொல்லாமலே படம் எதைச் சொல்லியது என்று அறிய அது ஒன்றே வாய்ப்பு.

ஒரே ஒரு விஷயத்தில் மென்மை வேண்டாம். கூட்டுக்கு மிக அருகில் போய், பறவையை எழுப்பிவிட்டு எடுத்த படம் வந்தால் பாராட்டாதீர்கள். தாய்ப்பறவை எழுந்து போனால் முட்டைகளும் குஞ்சுகளும் வெயிலிலும் காகத்தின் கண்ணிலும் கிடக்கும். குழுவில் சண்டையிடாமல் தனியே கூப்பிட்டு, ஆனால் ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுங்கள்.

நண்பரிடம் பேசியபிறகு இந்த வாரப் படமாக உங்களுடையதைப் போடுங்கள். உங்களுக்கே திருப்தியில்லாத ஒன்றாக இருக்கட்டும். அதற்கான முதல் கருத்தை எழுதித் தரும்படி அவரைக் கேளுங்கள்.