போவதா, வருவதா?

கேள்வி: என் அம்மா இறந்து அடுத்த மாதத்தோடு ஒரு வருஷம் ஆகிறது. அப்பா சீக்கிரமே போய்விட்டதால், வீட்டுத் திண்ணையில் ஆப்பம் சுட்டு விற்றுத்தான் எங்கள் மூன்று பேரையும் அம்மா ஆளாக்கினார். அடக்க ஆராதனையில் போதகர், "அம்மா பரலோக ராஜ்யத்துக்குப் போய்விட்டார்கள், அழாதீர்கள்" என்றார். வீட்டுக்கு வந்ததும் கல்லூரியில் படிக்கிற என் மகன் கேட்டான்: "பாட்டி ராஜ்யத்துக்குப் போயாச்சுன்னா, நாம ஏன் தினமும் 'உம்முடைய ராஜ்யம் வருவதாக'ன்னு ஜெபம் பண்றோம்? நாம போறதா, அது வர்றதா?" பதில் தெரியாமல் அதட்டிவிட்டேன். என் அண்ணி கத்தோலிக்கர். அவர் 'விண்ணரசு' என்கிறார், சில சமயம் 'இறையாட்சி' என்கிறார். இவை எல்லாம் ஒன்றா, வேறு வேறா? வேறு சபைக்குப் போகிற பக்கத்து வீட்டு அக்கா, "உங்க அம்மா குழந்தையில ஞானஸ்நானம் வாங்கினவங்கதானே, மறுபடி பிறக்காதவங்க ராஜ்யத்தைக் காண முடியாதே" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. நினைவு அட்டை அச்சடிக்க வேண்டும். என்ன வசனம் போடலாம் என்றும் சொல்லுங்கள்.

வாசகி, நாகர்கோவில்

பதில்:

அன்புச் சகோதரி,

முதல் வேலையாக மகனைக் கூப்பிட்டு, அதட்டியதற்கு ஒரு வார்த்தை சமாதானம் சொல்லிவிடுங்கள். பிள்ளை குதர்க்கம் பேசவில்லை. தினமும் சொல்லும் ஜெபத்தைக் காதுகொடுத்துக் கேட்டிருக்கிறான். எனக்கு அந்தக் காது வாய்க்கவில்லை. ஓய்வுநாள் பள்ளியில் பரிசாகக் கொடுத்த வண்ண அட்டை ஒன்று வெகுநாள் என் வேதாகமத்துக்குள் இருந்தது. பொன் வீதி, முத்து வாசல், மேகத்தின்மேல் மாளிகை. அடியில் 'பரலோக ராஜ்யம்' என்று கொட்டை எழுத்து. நாற்பது வயதுவரை ராஜ்யம் என்றால் எனக்கு அந்த அட்டைதான். செத்தபிறகு போகிற ஊர்.

அவன் கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் வேண்டுமென்றால்: வருவது. ஜெபத்திலேயே அடுத்த வரி, "உம்முடைய சித்தம் பரமண்டலத்திலே செய்யப்படுகிறதுபோல பூமியிலேயும் செய்யப்படுவதாக" என்று வருகிறது. முந்தின வரிக்கு இதுவே உரை. தேவனுடைய விருப்பம் எங்கே நடக்கிறதோ அங்கே அவருடைய ராஜ்யம் வந்திருக்கிறது. எங்களை மேலே தூக்கிக்கொள்ளும் என்று அந்த ஜெபத்தில் ஓர் இடத்திலும் நாம் கேட்பதில்லை. அன்றாட அப்பம், கடன் மன்னிப்பு, தீமையிலிருந்து விடுதலை என்று கேட்பதெல்லாம் தரையில் நடக்கவேண்டிய காரியங்கள்.

நம்மைக் குழப்பியதில் பாதிப் பங்கு தமிழுக்கும் உண்டு. பூலோகம், மேலோகம், எமலோகம் என்று கேட்டு வளர்ந்த காதுக்கு 'லோகம்' என்றாலே ஓர் இடம். 'ராஜ்யம்' என்றால் எல்லை போட்ட நாடு. இரண்டையும் சேர்த்தால் வானத்தில் ஒரு நாடு என்றுதான் மனசில் விழும். புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் உள்ள சொல் 'பசிலேயா'. நாடு என்ற பொருள் அதற்கும் உண்டு, ஆனால் சுவிசேஷங்களில் பெரும்பாலும் அது ஆளுகையைக் குறிக்கிறது. நம் ஊர் மேடைகளில் 'காமராஜர் ஆட்சி அமைப்போம்' என்று எத்தனை தடவை கேட்டிருப்பீர்கள்! அந்த ஆட்சி எந்த மாவட்டத்தில் இருக்கிறது, எந்த பஸ்ஸில் ஏறவேண்டும் என்று யாரும் கேட்டதில்லை. இன்ன விதமாகக் காரியம் நடக்கும் என்று விளங்கிக்கொள்கிறோம். இதையும் அப்படி விளங்கிக்கொள்ளலாம்.

இனி அண்ணியின் சொற்கள். மாற்கும் லூக்காவும் 'தேவனுடைய ராஜ்யம்' என்று எழுதுகிற இடங்களில் மத்தேயு பெரும்பாலும் 'பரலோக ராஜ்யம்' என்று எழுதுகிறார். நான்கு சுவிசேஷங்களில் அவர் ஒருவர்தான் இந்தத் தொடரைப் புழங்குகிறார், அதுவும் 30 தடவைக்கு மேல். யூதர்கள் தேவனுடைய பெயரை வாய்விட்டுச் சொல்லக் கூசுவார்கள். அதனால் 'வானம்' என்று சுற்றிச் சொல்வார்கள் என்பதே அறிஞர் பலர் சொல்லும் காரணம். இந்த வழக்கத்தைக் கெட்ட குமாரன் கதையிலும் பார்க்கலாம். திரும்பி வந்த மகன், "பரத்துக்கு விரோதமாகவும் உமக்கு முன்பாகவும் பாவஞ்செய்தேன்" என்கிறான். ஆகாயத்துக்கு விரோதமாக யார் பாவம் செய்வார்? தேவனைத்தான் சொல்கிறான். இன்னும் சந்தேகமிருந்தால் மத்தேயு 19-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். 23-ஆம் வசனத்தில் ஐசுவரியவான் 'பரலோக ராஜ்யத்தில்' பிரவேசிப்பது அரிது. 24-இல் அதே ஐசுவரியவான் 'தேவனுடைய ராஜ்யத்தில்' பிரவேசிப்பதைவிட ஒட்டகம் ஊசியின் காதில் நுழைவது எளிது. அடுத்தடுத்த இரண்டு வரி, ஒரே காரியம். 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் முன்னதை 'விண்ணரசு' என்றும் பின்னதை 'இறையாட்சி' என்றும் தமிழாக்கியது. பழைய மொழிபெயர்ப்பில் வளர்ந்தவன் நான். ஆனாலும் 'இறையாட்சி' நம்முடையதைவிட நல்ல சொல் என்று ஒப்புக்கொள்கிறேன். அண்ணியிடம் சொல்லிவிடாதீர்கள்.

அந்தக் காலத்தில் இந்தச் சொல் எவ்வளவு சூடாக இருந்தது என்பதையும் மகனுக்குச் சொல்லுங்கள், கல்லூரிப் பிள்ளைக்குப் பிடிக்கும். கி.மு. 4-இல் பெரிய ஏரோது ராஜா செத்ததும் கலிலேயாவில் கலகம் வெடித்தது. ரோமப் படை செப்போரிஸ் நகரத்தைக் கொளுத்தியது. நாசரேத்திலிருந்து அது ஏறக்குறைய 6 கிலோமீட்டர்தான். கி.பி. 6-இல் யூதேயாவில் ரோமர்கள் குடிமதிப்பு எடுத்தபோது, தேவன் ஒருவரே எங்கள் எஜமான் என்று சொல்லி கலிலேயனாகிய யூதாஸ் (காட்டிக்கொடுத்த யூதாஸ் வேறு) கிளம்பினான். அப்படிப்பட்ட மண்ணில் ஒரு தச்சர் வந்து, "தேவனுடைய ராஜ்யம் சமீபமாயிற்று" என்றால் கேட்டவர்களுக்கு என்ன தோன்றியிருக்கும்? ரோமனை எப்போது விரட்டுவார் என்றுதான். சிலுவையின்மேல் எழுதிவைத்த குற்றச்சாட்டே 'யூதருடைய ராஜா' என்பதுதானே.

ராஜ்யம் எப்படி இருக்கும் என்று சொல்ல அவர் எடுத்த உவமைகளில் வாளும் குதிரையும் இல்லை. கடுகு, வலை, புதையல், முத்து என்று போகிறது மத்தேயு 13-ஆம் அதிகாரம். அதில் ஒன்றை உங்களுக்காகக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

"பரலோகராஜ்யம் புளித்த மாவுக்கு ஒப்பாயிருக்கிறது, அதை ஒரு ஸ்திரீ எடுத்து, முழுவதும் புளிக்கும்வரைக்கும், மூன்றுபடிமாவிலே அடக்கிவைத்தாள்." அவ்வளவுதான் உவமை, ஒரே வசனம். அந்தக் காலத்தில் கடையில் ஈஸ்ட் கிடையாது. முந்தின நாள் பிசைந்ததில் ஒரு உருண்டையை எடுத்து வைத்திருந்து, அதைப் புதுமாவில் போட்டுப் பிசைவார்கள். உங்கள் அம்மா பழைய ஆப்பமாவில் ஒரு கரண்டி மிச்சம் வைத்துப் புதுமாவில் கலக்கியிருந்தால், அவருக்கு இந்த வசனத்துக்கு வியாக்கியானமே தேவைப்பட்டிருக்காது.

'மூன்றுபடி' என்றதும் நம் வீட்டுப் படியை நினைத்துவிடக் கூடாது. அது எபிரெயர்களின் 'சேயா' என்ற அளவு. மூன்று சேயா சேர்ந்தால் 40 லிட்டருக்குக் கொஞ்சம்தான் குறையும். அவ்வளவு மாவில் நூறு பேருக்கு அப்பம் சுடலாம். ஒரு குடும்பத்துப் பெண் எதற்கு அத்தனை மாவைப் பிசைகிறாள்? ஆதியாகமம் 18-இல் மூன்று விருந்தாளிகள் வந்தபோது ஆபிரகாம் சாராளிடம் பிசையச் சொன்னதும் இதே மூன்றுபடிதான். கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அது ஞாபகம் வந்திருக்கும். இன்னொன்று, பஸ்கா பண்டிகைக்கு முன் யூத வீடுகளில் புளித்த மாவைத் துளி விடாமல் துடைத்து எறிவார்கள். வேதத்தில் அது பெரும்பாலும் தீமைக்குத்தான் அடையாளமாக வரும். அதைப் போய் பரலோக ராஜ்யத்துக்கு ஒப்பிட்டால் பரிசேயர்கள் முகம் சுளித்திருக்க மாட்டார்களா? 'அடக்கிவைத்தாள்' என்ற சொல்லும் எனக்குப் பிடிக்கும். மூலத்தில் அது 'ஒளித்துவைத்தாள்' என்றே இருக்கிறது. ராத்திரி சட்டியை மூடி வைத்துவிட்டுப் படுக்கிறோம். சத்தம் இல்லை. காலையில் மூடி தூக்கிக்கொண்டு நிற்கிறது.

அப்படியானால் ராஜ்யம் வந்துவிட்டதா, இனிதான் வருமா? இதில் அறிஞர்களே முட்டிக்கொண்டார்கள். சீக்கிரமே உலகம் முடியும் என்று இயேசு எதிர்பார்த்தார் என்று 1906-இல் எழுதினார் ஆல்பர்ட் ஷ்வைட்சர். இல்லை, இயேசுவின் ஊழியத்திலேயே அது வந்தாகிவிட்டது என்றார் 1935-இல் சி. எச். டாட். இருவரிடமும் வசனம் இருந்தது. இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு பாசெல் நகரத்துப் பேராசிரியர் ஆஸ்கர் குல்மன் ஓர் உதாரணம் சொன்னார். 1944 ஜூன் 6-இல் நேச நாட்டுப் படைகள் நார்மண்டிக் கரையில் இறங்கின. போரின் முடிவு அன்றே தெரிந்துவிட்டது. ஆனால் ஐரோப்பாவில் துப்பாக்கி ஓய்ந்தது 1945 மே 8-இல்தான். நாம் அந்த இரண்டு தேதிக்கும் நடுவில் இருக்கிறோம் என்றார். போர் உவமை எனக்கு ஒத்துவருவதில்லை, மாவு போதும். புளிக்க ஆரம்பித்துவிட்டது, இன்னும் பொங்கவில்லை.

மகன் விடாமல், "அப்ப 'பிரவேசிப்பான்'னும் இருக்கே" என்று மடக்கக்கூடும். மாற்கு 10:15-ஐக் காட்டுங்கள். சிறு பிள்ளையைப்போல் ராஜ்யத்தை ஏற்றுக்கொள்ளாதவன் அதில் பிரவேசிக்க மாட்டான் என்று இருக்கிறது. வந்ததை ஏற்றுக்கொள்வதும் அதற்குள் நுழைவதும் ஒரே வசனத்துக்குள் இருக்கின்றன.

சரி, அம்மா எங்கே? போதகர் சொன்னது ஆறுதல் வார்த்தை, அதைத் தப்பு என்று நான் சொல்லமாட்டேன். சிலுவையில் பக்கத்தில் தொங்கிய கள்ளனிடம், "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்றார் இயேசு. தேகத்தைவிட்டுப் பிரிந்து கிறிஸ்துவோடு இருக்க ஆசை என்று பவுல் பிலிப்பியருக்கு எழுதினார். உங்கள் அம்மாவைப் பற்றி அந்த நம்பிக்கையை நீங்கள் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் வேதாகமம் அங்கே முடிந்துவிடுவதில்லை. வெளிப்படுத்தின விசேஷத்தின் 21-ஆம் அதிகாரத்தில் யோவான் காண்பது, புதிய எருசலேம் பரலோகத்தைவிட்டுக் கீழே இறங்கி வருவதை. என் ஓய்வுநாள் பள்ளி அட்டையில் இருந்த பொன் வீதியும் முத்து வாசலும் இந்த நகரத்துடையவை. படம் போட்டவர் அது இறங்கி வருவதை மட்டும் விட்டுவிட்டார். அம்மாவும் அந்த வருகைக்குத்தான் காத்திருக்கிறார் என்று மகனிடம் சொல்லலாம். பாட்டியும் பேரனும் ஒரே ஜெபத்தைத்தான் சொல்கிறார்கள்.

பக்கத்து வீட்டு அக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்குக் கொஞ்சம் கோபம் வருகிறது. குழந்தை ஞானஸ்நானமா, வளர்ந்தபின் முழுக்கா என்று 16-ஆம் நூற்றாண்டிலிருந்து சபைகள் வாதாடி வருகின்றன. இந்தப் பக்கத்தில் அதைத் தீர்க்க முடியாது. ஆனால் அவர் சொன்ன வசனம் யோவான் 3-இல் இருக்கிறது. 'மறுபடியும்' என்று நாம் வாசிக்கும் சொல்லுக்கு கிரேக்கத்தில் 'மேலிருந்து' என்றும் பொருள். இயேசுவைத் தேடி வந்த நிக்கொதேமு முதல் பொருளை மட்டும் பிடித்துக்கொண்டு, கிழவன் தாயின் வயிற்றுக்குள் எப்படிப் போவான் என்று கேட்டுத் திண்டாடினார். அவருக்கு வந்த பதில்: காற்று தனக்கு இஷ்டமான இடத்தில் வீசுகிறது, அது எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று உனக்குத் தெரியாது. காற்றுக்கு யாராவது வருகைப் பதிவேடு வைப்பார்களா? அந்த வசனத்தை வைத்தே ஒருவர் உங்கள் அம்மாவுக்கு 'வரவில்லை' போடுகிறார்.

மத்தேயு 13-இல் களைகளின் உவமையும் இருக்கிறது. கோதுமை வயலில் முளைத்தது கதிர் வரும்வரை கோதுமை போலவே தோன்றும் ஒரு புல். பிடுங்கிவிடட்டுமா என்று வேலைக்காரர்கள் துடிக்கிறார்கள். வேண்டாம், கோதுமையையும் சேர்த்துப் பிடுங்கிவிடுவீர்கள், அறுப்புமட்டும் இரண்டும் வளரட்டும் என்கிறார் எஜமான். அறுப்பு வேலைக்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். அந்த அக்காவிடம் சண்டைக்குப் போகாதீர்கள். நினைவு நாள் ஜெபத்துக்கு அவரையும் அழையுங்கள், சாப்பிட்டுவிட்டுப் போகட்டும்.

அட்டைக்கு வசனம் கேட்டிருந்தீர்கள். அச்சகத்தில் வழக்கமாக வைத்திருக்கும் "நல்ல போராட்டத்தைப் போராடினேன்" வேண்டாம். மத்தேயு 13:33-ஐப் போடுங்கள், அந்தப் புளித்த மா வசனத்தை முழுசாக. சொந்தக்காரர்கள், "சாவு அட்டையில் எதற்கு மாவு?" என்று கேட்பார்கள். உங்கள் மகனைக் கைகாட்டுங்கள், அவன் சொல்லட்டும்.