கேட்டதும் கிடைத்ததும்: ‘வேண்டாம்’ என்று சொன்ன கதைகள்

போன இதழில், பைதான் என்ற கணினி நிரல் மொழி எந்தக் கம்பெனிக்கும் சொந்தம் இல்லை என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே இந்த முறை பக்கத்தை நிரப்பிவிட்டன. வேறு கேள்வி அனுப்பியவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளவும்.

கேள்வி: பைதான் படிக்க ஆரம்பித்து ஒரு வருஷம் ஆகிறது. மொழி எப்படி வளர்கிறது என்பதையும் கூடவே கவனித்து வா, அப்போதுதான் பிடிபடும் என்றார் சீனியர் ஒருவர். போய்ப் பார்த்தால் மலை மாதிரி விவாதம். பாதி புரியவில்லை, மீதியைப் படிக்க நேரம் இல்லை. எங்கே ஆரம்பிப்பது? (கல்லூரி மாணவி)

பதில்: முதலில், எல்லாவற்றையும் படிக்கவே படிக்காதீர்கள். அந்த மொழியைச் செய்கிறவர்களே எல்லாவற்றையும் படிப்பதில்லை. நானும் ஒரு காலத்தில் ஒன்று விடாமல் படிப்பது என்று சபதம் எடுத்து, பத்தாவது நாள் ஒரு காற்புள்ளி பற்றிய சண்டையில் மாட்டிக்கொண்டு கைவிட்டவன்தான்.

நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டிய நூல் ‘பெப்’. பைதானில் பெரிய மாற்றம் ஒன்று வேண்டும் என்கிறவர் அதை முறையான ஒரு முன்மொழிவாக எழுத வேண்டும்: என்ன மாற்றம், எதற்கு, பழைய நிரல்கள் உடையுமா, வேறு என்னென்ன வழிகளை யோசித்துவிட்டு ஒதுக்கினோம். 2000-ல் இருந்து இதுதான் நடைமுறை. ஒவ்வொன்றுக்கும் ஒரு எண், ஒரு நிலை: வரைவு, ஏற்கப்பட்டது, ஒத்திவைக்கப்பட்டது, நிராகரிக்கப்பட்டது, இப்படி. எல்லோரும் ஏற்கப்பட்டதைத் தேடிப் போவார்கள். நீங்கள் நிராகரிக்கப்பட்டதில் இருந்து ஆரம்பியுங்கள். புது வசதி என்ன செய்யும் என்று எந்தப் பாடப் புத்தகமும் சொல்லிவிடும், ஆனால் ஒரு மொழி எதைச் சேர்க்க மறுத்தது, ஏன் மறுத்தது என்பது அங்கே மட்டும்தான் இருக்கிறது.

ஒன்றே ஒன்று காட்டுகிறேன். ஒரு மதிப்பைப் பார்த்துப் பல வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் ‘ஸ்விட்ச்’ மற்ற மொழிகளில் இருக்கிறது, பைதானில் ஏன் இல்லை என்று வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மொழியை உருவாக்கிய கைடோ வான் ரோசமே 2006-ல் உட்கார்ந்து 3103 என்ற எண்ணில் அதற்கு ஒரு பெப் எழுதினார். எழுத்து முறையில் எத்தனை வகை, ஒவ்வொன்றிலும் என்ன சிக்கல் என்று பொறுமையாக அலசியிருப்பார். அடுத்த வருஷம், பைதான்காரர்கள் கூடும் பைகான் மாநாட்டில் பேசும்போது, இது வேண்டுமா என்று அரங்கத்தைக் கேட்டார். பெரிய ஆதரவு இல்லை. தான் எழுதியதைத் தானே நிராகரித்துவிட்டார், காரணத்தையும் ஓரிரு வரியில் அதே பக்கத்தில் எழுதி வைத்தார். கதை முடிந்ததா என்றால் இல்லை. 2020-ல் ‘மேட்ச்’ என்ற வேறொரு வடிவத்துக்கு முன்மொழிவு வந்தது, அதை எழுதியவர்கள் பட்டியலில் கைடோவும் இருந்தார். 2021 அக்டோபரில் வந்த 3.10 பதிப்பில் அது சேர்ந்தது. ‘மேட்ச்’ வெறும் ஸ்விட்ச் இல்லை, ஒரு பட்டியலோ அகராதியோ எந்த வடிவத்தில் இருக்கிறது என்று பார்த்துப் பிரித்தெடுக்கும் சமாச்சாரம். பழைய பெப்பையும் புதியதையும் அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள், நடுவில் 14 வருஷத்தில் என்ன மாறியது என்று உங்களுக்கே தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும்.

இன்னொரு சூட்சுமம், பெப்பைக் கடைசியில் இருந்து படிப்பது. ‘நிராகரித்த யோசனைகள்’ என்று ஒரு பகுதி பெரும்பாலும் கடைசியில் இருக்கும். உங்களுக்குத் தோன்றுகிற ‘ஏன் இப்படிச் செய்யக் கூடாது’ பாதிக்கு மேல் அங்கே இருக்கும், பதிலோடு.

காலண்டரையும் சொல்லிவிடுகிறேன். 3.9-ல் இருந்து வருஷத்துக்கு ஒரு பதிப்பு, அக்டோபரில். மே மாத வாக்கில் முதல் பீட்டா, அதாவது சோதனைப் பதிப்பு, அதற்குப் பிறகு புது வசதிகளுக்குக் கதவு சாத்தப்படும், பிழை திருத்தம் மட்டும்தான். ஆக மே மாதம் ஒருமுறை, அக்டோபரில் ‘புதியது என்ன’ ஆவணம் வரும்போது ஒருமுறை எட்டிப் பார்த்தால் ஊரோடு ஒத்துப் போய்விடலாம்.

கேள்வி: வேலையை ஒருமுறை செய்துவிட்டு அப்புறம் நிபந்தனையைப் பார்க்கும் ‘டூ-வைல்’ லூப் பைதானிலும் வேண்டும் என்று ஒரு யோசனையை நன்றாகத் தயார் செய்து விவாதப் பக்கத்தில் போட்டேன். பத்து நிமிஷத்தில் ஒருவர் வந்து ஒரு எண்ணை மட்டும் எழுதிவிட்டுப் போய்விட்டார். ஒரு வணக்கம்கூட இல்லை. திறந்த சமூகம் என்கிறார்கள், கதவு சாத்தித்தானே இருக்கிறது? (மென்பொருள் துறையில் இரண்டு வருஷ அனுபவம் உள்ளவர்)

பதில்: அந்த எண் 315 தானே? 2003-ல் எழுதப்பட்ட பெப். பத்து வருஷம் திறந்தே கிடந்து 2013-ல் மூடப்பட்டது. எப்போதும் உண்மையாக ஓடும் ஒரு ‘வைல்’ போட்டு, உள்ளே ஒரு ‘இஃப்’ வைத்து ‘பிரேக்’ செய்தால் அதே வேலை நடக்கிறது, அதைவிட அழகான எழுத்து முறை எதுவும் அகப்படவில்லை என்பதுதான் காரணம்.

அவர் வணக்கம் சொல்லியிருக்கலாம், அதில் உங்கள் பக்கம்தான் நான். ஆனால் அந்த மூன்று இலக்கம் உங்களுக்குக் கிடைத்த அலட்சியம் இல்லை, பத்து வருஷ விவாதத்தின் சாவி. அதைக் கொடுத்தவர் அநேகமாகச் சம்பளம் இல்லாமல், ஆபீஸ் முடிந்த பிறகு இதைச் செய்கிறவர், இதே கேள்விக்கு எத்தனையாவது தடவையாகவோ பதில் எழுதுகிறவர். நீங்கள் அடுத்து செய்ய வேண்டியது கோபித்துக்கொள்வது இல்லை. 315-ஐப் படித்துவிட்டு, அதில் இல்லாத வாதம் உங்களிடம் இருக்கிறதா என்று பார்ப்பது. இருந்தால் திரும்பப் போங்கள். நீங்கள் கோர் டெவலப்பர் (பைதானின் மூல நிரலில் மாற்றத்தைச் சேர்க்கும் உரிமை உள்ளவர்) இல்லை என்றால், உங்கள் பெப்புக்கு அவர்களில் ஒருவர் பொறுப்பாளராக நிற்க வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆகவே முதலில் ஒருவரை நம்பவைக்க வேண்டும், அப்புறம்தான் ஊரை.

மூடிய கதவு திறந்ததும் உண்டு. ‘இஃப்-எல்ஸ்’-ஐ ஒரே வரியில் எழுதும் வசதி இன்று எல்லோர் கையிலும் இருக்கிறது அல்லவா, அது பெப் 308. 2003-ல் வாக்கெடுப்பு வரை போய், எந்த வடிவத்துக்கும் தெளிவான பெரும்பான்மை கிடைக்காமல் கிடப்பில் விழுந்தது. 2005-ல் கைடோ தானே ஒரு வடிவத்தைத் தேர்ந்தெடுத்தார், 2006-ல் 2.5 பதிப்பில் வந்தது. அந்த வடிவம் இப்போதும் சிலருக்குத் தலைகீழாகத்தான் தெரிகிறது. விடையை முன்னால் சொல்லிவிட்டு நிபந்தனையை அப்புறம் சொல்கிறது.

கேள்வி: கைடோ ஏன் விலகினார்? இப்போது முடிவெடுப்பது யார்? (ஒரு ஆசிரியர்)

பதில்: அவருக்குச் சமூகம் விளையாட்டாகக் கொடுத்திருந்த பட்டம் ‘ஆயுட்கால அன்பான சர்வாதிகாரி’. கடைசி வார்த்தை அவருடையது என்று அர்த்தம். 2018-ல் பெப் 572 வந்தது. ஒரு கோவையின் (எக்ஸ்பிரஷன்) நடுவிலேயே மாறிக்கு மதிப்பு கொடுக்கலாம் என்றது, அதற்கு := என்ற குறி. பக்கவாட்டில் பார்த்தால் கண்ணும் தந்தமும் மாதிரி இருப்பதால் வால்ரஸ் என்று பெயர் வந்தது. மதிப்பு கொடுக்க ஏற்கெனவே = இருக்கும்போது இரண்டாவது குறி எதற்கு, படிக்கிறவன் குழம்ப மாட்டானா என்று பெரிய எதிர்ப்பு. கைடோ ஏற்றுக்கொண்டார். ஏற்றுக்கொண்ட கையோடு, ஜூலை 12-ஆம் தேதி, பொறுப்பில் இருந்து விலகுவதாக எழுதிவிட்டார். ஒரு பெப்புக்காக இவ்வளவு போராடி, இத்தனை பேர் தன் முடிவை வெறுப்பதை இனியும் பார்க்க விரும்பவில்லை என்பதுதான் சாரம். வாரிசு என்று யாரையும் காட்டவில்லை, நீங்களே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார்.

வேடிக்கை என்னவென்றால், அடுத்த ராஜா யார் என்பதையும் பெப் எழுதித்தான் தீர்த்தார்கள். 8010-ல் இருந்து 8016 வரை ஏழு மாதிரிகள்: மறுபடி ஒரு தலைவர், மூன்று பேர், ஐந்து பேர் என்று. டிசம்பரில் வாக்கெடுப்பு, 8016 ஜெயித்தது. ஐந்து பேர் கொண்ட ஸ்டியரிங் கவுன்சில், கோர் டெவலப்பர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பார்கள், ஒவ்வொரு பெரிய பதிப்புக்குப் பிறகும் புதுத் தேர்தல். எனக்கு மிகவும் பிடித்த விதி, ஒரே கம்பெனியில் வேலை செய்கிறவர்கள் இரண்டு பேருக்கு மேல் கவுன்சிலில் இருக்கக் கூடாது என்பது. மொழி யாருக்கும் சொந்தம் இல்லை என்று நான் எழுதியது இதை மனதில் வைத்துத்தான். முதல் கவுன்சிலுக்கு 2019-ல் கைடோவும் தேர்வானார், ஐந்தில் ஒருவராக. கடைசி வார்த்தை இல்லை, கவுன்சிலில் மற்றவர்களைப் போல ஒரே ஒரு வாக்குதான்.

கேள்வி: வருஷா வருஷம் பதிப்பு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டுமா? ஓடுகிற நிரலை ஏன் தொட வேண்டும்? (பெயர் வேண்டாம் என்றவர்)

பதில்: வருஷா வருஷம் வேண்டாம். ஒவ்வொரு பதிப்புக்கும் ஐந்து வருஷம் ஆயுள், அதில் பிந்தைய பெரும்பகுதி பாதுகாப்புத் திருத்தம் மட்டும். ஆனால் தொடவே மாட்டேன் என்றால் என் கதி வரும்.

ஒரு கோப்பு ஜேபெக்கா பிஎன்ஜியா என்று கண்டுபிடித்துச் சொல்லும் சின்ன மாட்யூல் ஒன்று பைதானோடு வந்துகொண்டிருந்தது. என் பழைய ஸ்கிரிப்ட் ஒன்று அதை நம்பித்தான் ஓடியது. 3.13-க்கு மாறிய அன்று முதல் வரியிலேயே ‘அப்படி ஒரு மாட்யூல் இல்லை’ என்று விழுந்தது. பைதானைத் திட்டிக்கொண்டே தேடினேன். பெப் 594, எழுதியது 2019-ல், தலைப்பே செத்த பேட்டரிகளை எடுப்பது பற்றி (பைதானோடு சேர்ந்தே வரும் மாட்யூல்களுக்குச் செல்லப் பெயர் பேட்டரி). 2022-ல் வந்த 3.11-லேயே எச்சரிக்கை வைத்துவிட்டார்கள். 2024 அக்டோபரில் 19 மாட்யூல்களை மொத்தமாகத் தூக்கினார்கள், அதில் என்னுடையதும் ஒன்று. ஐந்து வருஷமாகத் தண்டோரா போட்டிருக்கிறார்கள், எனக்குத்தான் காதில் விழவில்லை. நான் அதை இம்போர்ட் செய்தது ஒரு துணைக் கோப்பில், அங்கிருந்து கிளம்பும் இந்த வகை எச்சரிக்கையைப் பைதான் இயல்பாகக் காட்டாது. டெவலப்மென்ட் மோடில் ஓட்டினால் காட்டும். மாதம் ஒருமுறை அப்படி ஓட்டிப் பாருங்கள், நான் இப்போது அதைத்தான் செய்கிறேன்.

கேள்வி: ஜிஐஎல் போய்விட்டதாமே?

பதில்: போகவில்லை, போக ஆரம்பித்திருக்கிறது. ஒரு நேரத்தில் ஒரு திரெட் (நிரலுக்குள் ஓடும் ஒரு வேலை இழை) மட்டுமே பைதான் நிரலை ஓட்டலாம் என்று பூட்டி வைக்கும் சாவி அது. கணினியின் செயலியில் எட்டு கோர் இருந்தாலும் சாவி ஒன்றுதான். அதை எடுக்க 1990-களிலேயே ஒரு முயற்சி நடந்தது, எடுத்தால் ஒற்றைத் திரெட் நிரல்கள் ரொம்ப மெதுவாகின, விட்டுவிட்டார்கள். 2016-ல் இன்னொரு முயற்சி, அதுவும் அதே பாறையில்தான் மோதியது. சாம் கிராஸ் எழுதிய பெப் 703-ஐ 2023-ல் கவுன்சில் ஏற்றது, அதுவும் சமூகத்தை ரொம்பப் பாதித்தால் திரும்ப எடுத்துவிடுவோம் என்ற நிபந்தனையோடு. 3.13-ல் சோதனை முயற்சி, 2025 அக்டோபரில் 3.14-ல் அதிகாரபூர்வ ஆதரவு, ஆனால் இன்னும் தனியாக நிறுவிக்கொள்ள வேண்டிய பில்டாகத்தான். ஒற்றைத் திரெட்டில் 5 முதல் 10 சதவீதம் வேகம் குறைகிறது. ‘வேண்டாம்’ என்ற பதிலுக்குக் காரணம் எழுதி வைத்திருந்ததால்தான் அடுத்து வந்தவருக்கு எதைச் சரிசெய்ய வேண்டும் என்று தெரிந்தது.

கேள்வி: நான் பெரிய நிரலர் இல்லை. என்னால் என்ன செய்ய முடியும்?

பதில்: பீட்டா வந்ததும் உங்கள் நிரலை அதில் ஓட்டுங்கள். உடைந்தால், உடையும் இடத்தைப் பத்து வரியாகச் சுருக்கிப் பிழை அறிக்கை எழுதுங்கள். அந்தப் பத்து வரி நிறையப் பேரின் பெரிய யோசனைகளைவிட மதிப்பு. அடுத்தது ஆவணம். படிக்கும்போது எங்கே தடுக்கி விழுந்தீர்களோ அந்த வரியைத் திருத்தி அனுப்புங்கள். வாரக்கணக்கில் பதில் வராமல் போகலாம், பணிவாக ஒருமுறை நினைவுபடுத்தலாம்.

கேள்வி: அந்த வால்ரஸை நீங்கள் பயன்படுத்துகிறீர்களா?

பதில்: 2019-ல் 3.8 பதிப்பில் வந்தபோது தொட மாட்டேன் என்று நண்பர்களிடம் வீராப்புப் பேசினேன். இரண்டு வருஷம் தொடவும் இல்லை. அப்புறம் ஒரு பெரிய கோப்பைத் துண்டு துண்டாகப் படிக்கும் லூப் ஒன்றை எழுதும்போது, படி என்கிற அதே வரியை லூப்புக்கு மேலே ஒருமுறை, உள்ளே கடைசியில் ஒருமுறை என்று இரண்டு இடத்தில் எழுதியிருந்ததைப் பார்த்தேன். யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு := போட்டேன்.