பஃபின்கள் எங்கே போயின?

ஆகஸ்ட் கடைசியில் படகேறித் தீவுக்குப் போய் வெறும் பாறையைப் பார்த்துத் திரும்பியதாகவும், பஃபின் என்ற கடற்பறவைகள் அங்கே அழிந்துவிட்டனவா என்றும் கேட்டிருந்தீர்கள். வெறும் பாறை அதற்குச் சான்று ஆகாது. நீங்கள் போனது காலம் தாழ்ந்து, அவ்வளவுதான். வட அட்லாண்டிக் பஃபின்கள் கரைக்கு வருவதே குஞ்சு வளர்க்கத்தான். ஏப்ரல் வாக்கில் வந்து, பெரும்பாலும் ஆகஸ்ட் தொடக்கத்துக்குள் கிளம்பிவிடும். குளிர்காலம் முழுக்க நடுக்கடல் வாசம்.

அடுத்த முறை ஜூன் பிற்பகுதியில் போங்கள். அப்போது கில்லிமாட் என்ற கடற்பறவையின் குஞ்சுகளையும் காணலாம். மூன்று வார வயதில், பறக்கவே தெரியாத நிலையில், செங்குத்துப் பாறையிலிருந்து கடலுக்குக் குதிக்கும். கீழே தந்தைப் பறவை குரல் கொடுத்துக் காத்திருக்கும். மாலை மங்கும் நேரத்தில் இதைப் பார்த்தவர்கள் மறக்கவே மாட்டார்கள்.

ஆகஸ்டில்தான் விடுப்பு என்றால் கேனட் என்ற கடற்பறவைகள் கூட்டமாகக் கூடு கட்டும் தீவைத் தேர்ந்தெடுங்கள். அவை அப்போதும் கூட்டில் இருக்கும்.

ஆடும் படகில் 10 மடங்கு பைனாகுலரைவிட 8 மடங்கே நல்லது. ஆலா என்ற கடற்பறவைகள் தலையில் கொத்தும், தொப்பி அவசியம். ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: பாதையை விட்டு விலகாதீர்கள். பஃபின் வளைகள் காலடியிலேயே இருக்கும். மிதித்தால் உள்ளே இருக்கும் குஞ்சு புதைந்துவிடும்.