பொட்டலத்தை விழுங்கும் கணுவை யார் பிடிப்பது?

கேள்வி: கோபுரமும் ரூட்டரும் இல்லாமல் கருவிகளே ஒன்றின் செய்தியை மற்றொன்று கடத்தும் அட்-ஹாக் வலையமைப்பில், வந்த பொட்டலங்களை (செய்தியின் தரவுத் துண்டுகளை) முன்னே அனுப்பாமல் விழுங்கிவிடும் கணுவை, அதாவது கருவியை, எப்படிக் கண்டுபிடித்து விலக்குகிறார்கள்?
– பொறியியல் மாணவி, கோவில்பட்டி

பதில்: இங்கே நடுவர் என்று தனியாக எவரும் இல்லாததால், பக்கத்துக் கணுவே சாட்சியாகவும் நீதிபதியாகவும் இருக்க வேண்டியிருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் செர்ஜியோ மார்ட்டியும் சகாக்களும் 2000ஆம் ஆண்டில் முன்வைத்த ‘வாட்ச்டாக்’ முறையில், ‘அ’ என்ற கணு ‘ஆ’வின் வழியாக ‘இ’க்கு ஒரு பொட்டலத்தை அனுப்பும்போது அதன் நகலைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, ‘ஆ’ அதை மறுபடி ஒலிபரப்புகிறதா என்று ஒட்டுக்கேட்கிறது. குறித்த நேரத்துக்குள் அது காதில் விழாவிட்டால் ‘ஆ’வின் கணக்கில் ஒரு தவறு ஏறும், தவறுகள் ஓர் எல்லையைத் தாண்டினால், பொட்டலத்தை முதலில் அனுப்பிய கணுவுக்குப் புகார் போகும். கூடவே இயங்கும் ‘பாத்ரேட்டர்’ அந்தக் கணு இல்லாத வழியைத் தேர்ந்தெடுக்கிறது. கணுக்களில் 40 சதவீதம் ஒழுங்கீனமாக இருந்த கணினிப் பாவனைச் சோதனையில், மிதமான நகர்வு இருந்தபோது, தரவு போய்ச்சேரும் அளவு 17 சதவீதம் கூடியது. அதற்கு விலையாக, வழிதேடலுக்கான கூடுதல் பரிமாற்றம் 9 சதவீதத்திலிருந்து 17 சதவீதமாக உயர்ந்தது.

ஆனால் ஒட்டுக்கேட்டது எப்போதும் உறுதியான சாட்சியாகிவிடாது. ‘ஆ’ அனுப்பிய அதே நொடியில் வேறொரு கணுவும் பேசினால் இரு அலைகளும் மோதி ‘அ’வுக்கு எதுவும் விளங்காது, தந்திரமான ‘ஆ’வோ, ‘அ’வுக்குக் கேட்கும் ஆனால் ‘இ’யை எட்டாத அளவுக்குத் தன் அலைத்திறனைக் குறைத்துக்கொள்ளலாம், அல்லது எல்லைக்குச் சற்றுக் கீழே நிற்கும்படி எண்ணிப்பார்த்து விழுங்கலாம்.

விலக்குவதிலும் ஒரு முரண் உண்டு. பாத்ரேட்டர் தன்னலக் கணுவைத் தவிர்ப்பதோடு நிற்கிறது. அந்தக் கணுவின் சொந்தப் பொட்டலங்களை மற்றவை வழக்கம்போலச் சுமக்கின்றன. வேலைக்கு மட்டம் போட்டவனுக்குச் சம்பளத்தோடு விடுப்பும் கொடுத்த கதைதான் இது! 2002இல் புக்கெகர், லெ பூதெக் என்ற ஆய்வாளர்கள் வடிவமைத்த ‘கான்ஃபிடன்ட்’ முறை அந்தப் பொட்டலங்களையும் மறுத்து, பிற கணுக்களுக்கும் எச்சரிக்கை அனுப்பியது. எச்சரிக்கையைப் பரப்பினால் அவதூறுக்கும் கதவு திறக்கும் என்பதால், அதே ஆண்டில் வந்த ‘கோர்’ என்ற முறை எதிர்மறை மதிப்பீடுகளைப் பகிரவே இல்லை. தன் காதால் கேட்டதற்கு முதலிடம் தந்து, பிறர் புகாரை அவரவர் நம்பகத்தன்மைக்கேற்ப எடைபோட்டு, ஒதுக்கிய கணுவுக்குச் சிறிது காலம் கழித்து மறுவாய்ப்பும் தருவதே சரியென்று எனக்குத் தோன்றுகிறது. விபத்தாக ஏற்பட்ட மோதலுக்காக நேர்மையான கணுவை நிரந்தரமாக இழப்பது, ஆள் குறைவான வலையமைப்பில் பெரிய நஷ்டம்.

கேள்வி: சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி செய்தியை மாற்றும் குறியாக்கம் இருந்தால் இதெல்லாம் தேவையா?
– வாசகர், சேலம்

பதில்: தேவைதான். சாவியை முறையாகப் பெற்ற உள்ளாளே பொட்டலத்தை விழுங்கும்போது குறியாக்கம் என்ன செய்யும்? இன்னும் சொன்னால், ஒவ்வோர் இணைப்பிலும் தனிச் சாவியால் மறுகுறியாக்கம் நடந்தால், ‘அ’ தன் நகலோடு எதையும் ஒப்பிட முடியாமல் வாட்ச்டாக்கே முடங்கிவிடும். அங்கே ஒட்டுக்கேட்பதை விட்டுவிட்டு, பொட்டலம் கிடைத்ததென்று ‘இ’யிடமிருந்து இரண்டு தாவல் (கணுவிலிருந்து கணுவுக்குச் செல்லும் இரண்டு கட்டங்கள்) பின்னோக்கி ‘அ’வுக்கு ஒப்புகை வரச்செய்யும் முறையை நாடலாம், ஒப்புகையும் ‘ஆ’வின் வழியாகவே திரும்புவதால், ‘ஆ’ போலியாக ஒன்றை உருவாக்க முடியாதபடி ‘இ’ அதில் மின்கையொப்பம் இட்டிருக்க வேண்டும்.